சொல்வதை எழுதுபவர்

விலங்கியல் ஆய்வகத்தில்தான் இவளுக்கு இடம் போட்டிருக்கிறார்கள். மற்ற எல்லோருக்கும் வகுப்பறை, மின்விசிறி, எண் எழுதி ஒட்டிய பெஞ்சு. இவளுக்கு மட்டும் ஜாடிக்குள் வெளுத்துப்போய் மிதக்கிற தவளைகளும், வயிற்றைப் பிளந்து நாலு பக்கமும் ஊசி குத்தி வைத்த எலியும், எப்போதோ அடைத்துக்கொண்டு இன்றுவரை யாரும் குத்திவிடாத சிங்க்கும். அந்த சிங்க்கில் மஞ்சளாக என்னவோ ஆடை கட்டி நிற்கிறது. பார்க்கக்கூடாது என்று நினைக்கிறேன், கண் அங்கேயே போகிறது. "தனி ரூம் கேட்டாங்க, குடுத்தாச்சுல்ல டீச்சர், வேற என்ன வேணுமாம்" என்று முதல் நாள் சிரித்தார் தங்கமாரி சார், இந்தத் தேர்வு மையத்தின் முதன்மைக் கண்காணிப்பாளர். சிரிக்கும்போது அவருக்குக் கடைவாயில் வெற்றிலைச் சாறு தெரியும். அன்று தமிழ்த் தேர்வு. ஆங்கிலத்தில் இவளுக்கு விலக்கு உண்டு. இன்று கணிதம். நான் வேறொரு பள்ளியில் வரலாறு எடுக்கிறவள். புஷ்பலீலா, வயது நாற்பத்தேழு, இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், ஒரு மெமோ வாங்கியது கிடையாது. ஆணையில் என் பெயருக்கு நேரே 'சொல்வதை எழுதுபவர்' என்று போட்டிருக்கிறது. சுத்தமான தமிழ். அவள் சொல்ல வேண்டும், நான் எழுத வேண்டும், பிளஸ் டூ பொதுத்தேர்வு முடிகிற வரைக்கும். இதில் தவறு நடக்க எங்கே இடமிருக்கிறது என்றுதான் யாரும் கேட்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்து வந்தேன்.

மணி பத்து அடித்துவிட்டது. வினாத்தாளை வாங்கி மேசையில் வைக்கிறேன். படித்துப் பார்க்கப் பத்து நிமிடம். நிறைமதி படிக்கவில்லை, என் நாற்காலியைப் பார்க்கிறாள். வாயில் துப்பட்டா நுனி. முதல் நாள் அந்த ஈரத்துணி வாடைதான் எனக்குத் தாங்கவில்லை, சும்மா சொல்லக்கூடாது, பதினேழு வயசுப் பெண் துப்பட்டாவைச் சப்புவதையும் அது கழுத்தில் ஈரமாக ஒட்டிக்கொள்வதையும் பார்த்துவிட்டு நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டேன். அவள் அதைக் கவனித்திருப்பாள். எதையும் கவனிக்காத மாதிரி எங்கேயோ பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் கவனிக்கிறவள் அவள். இப்போது துணியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொல்கிறாள், "மிஸ், நீங்கள் எனக்கு இடது பக்கம் உட்கார வேண்டும். பக்கத்தில். நீங்கள் எழுதும் தாள் எனக்குத் தெரிய வேண்டும்." செய்தி வாசிக்கிற மாதிரிதான் பேசுவாள் எப்போதும், ஏற்றம் இறக்கம் கிடையாது, அந்தக் குரலில் கோபம் இருக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது. தெரிந்துவிட்டது இவளுக்கு. தெரியாமல் எப்படி இருக்கும். நாற்காலியை எடுத்து இடது பக்கம் போடுகிறேன். காலையில் கேட்டிலேயே தெரிந்துவிட்டதே எனக்கு, இப்போது என்ன புதிதாக.

கேட்டில் அவளுடைய அம்மா நின்றிருந்தாள். கஸ்தூரி, ஜவுளிக் கடையில் சேலை மடித்து வைக்கிற வேலை, இன்று அரை நாள் லீவு. என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், பாப்பா வீட்ல வந்து என்னமோ சொன்னா. நீங்க அவ சொன்னத எழுதலைன்னு. அவளுக்கு அப்படித்தான், ஒண்ணப் புடிச்சா விடமாட்டா. நீங்க அவ நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பீங்க. மனசுல வச்சுக்காதீங்க டீச்சர், இன்னிக்குக் கணக்கு, அதுதான் அவளுக்கு உசுரு." என் தப்புக்கு அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் என்ன செய்தேன் என்றால், "பரவால்லம்மா" என்றேன். பரவாயில்லையாம். பெருந்தன்மையாக. அந்த வார்த்தை இன்னும் நாக்கிலேயே கிடக்கிறது, கெட்டுப்போன பாலை விழுங்கின மாதிரி, காறித் துப்பினாலும் போகாது போல. கஸ்தூரிக்கு இப்படிக் கையைப் பிடித்துப் பிடித்தே பழக்கமாகிவிட்டது. முதல் நாள் வேப்பமரத்தடியில் வைத்துச் சொன்னாள், ஐந்து பள்ளிக்கூடம் மாற்றியிருக்கிறாள் மகளை. ஒரு பள்ளியில் ஆய்வுக்கு யாராவது வந்தால் மட்டும் இவளைக் கூப்பிட்டு மேடையில் நிறுத்திப் பதினேழு இலக்கம் பதினெட்டு இலக்கம் என்று பெருக்கச் சொல்வார்களாம், வந்தவர்கள் கை தட்டிவிட்டுப் போனதும் மறுபடி வராண்டாவில் உட்கார வைத்துவிடுவார்களாம், மற்ற பிள்ளைகளுக்கு இடைஞ்சல் என்று. மாவட்டக் கணிதத் திறனறித் தேர்வுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டதற்கு, அங்கே போய்க் கூச்சல் போட்டால் ஸ்கூல் பேரு என்னம்மா ஆகும் என்றார்களாம். பதினோராம் வகுப்பில் கணிதப் பிரிவு கேட்டபோது தையல் பிரிவு இருக்கிறதே என்றார்களாம், பேனா பிடிக்க முடியாத பிள்ளையை ஊசி பிடிக்கச் சொல்லி. கேட்கும்போது எனக்கு எவ்வளவு அருவருப்பாக இருந்தது, மனிதர்களா இவர்கள் என்று எவ்வளவு உச்சுக்கொட்டினேன். உச்சுக்கொட்டிவிட்டு உள்ளே வந்து, சில மணி நேரத்தில், நான் என் பங்கைச் செய்தேன்.

தமிழ்த் தேர்வின் கடைசிக் கேள்வி அது. 'நான் விரும்பும் இடம்' என்ற தலைப்பில் உம் சொந்த நடையில் கட்டுரை வரைக. அவள் கண்ணை மூடிக்கொண்டு முன்னும் பின்னும் மெல்ல ஆடியபடி சொல்லத் தொடங்கினாள். எங்கள் தெருவில் மேல்நிலைத் தொட்டியின் கீழே மோட்டார் அறை இருக்கிறது. அதுதான் நான் விரும்பும் இடம். அங்கே ஒரே ஒரு ஓசை இருக்கிறது. அந்த ஓசைக்குள் மூன்று ஓசைகள் இருக்கின்றன. நீர் ஏறஏற மூன்றாவது ஓசை மட்டும் உயரும், மற்ற இரண்டும் மாறாது. அங்கே யாரும் என்னிடம் பெயர் என்ன என்று கேட்பதில்லை. இதைப் போய் எழுதவா என்று இருந்தது எனக்கு. திருத்துகிறவன் சிரிப்பான். முன்னுரை இல்லை, உட்தலைப்பு இல்லை, மேற்கோள் இல்லை, மோட்டார் அறையாம். பாவம், பிள்ளைக்கு மார்க் போய்விடுமே. பாவம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக, அந்த வார்த்தை மனசுக்குள் வந்தது, வந்ததும் என் கை தானாகவே நூலகம் என்று எழுதியது. முன்னுரை. நூலகத்தின் இன்றியமையாமை. அறிவுக் களஞ்சியம். முடிவுரை. என் மகள் ஷைனிக்கு ரெண்டு வருஷத்துக்கு முன்னால் நானே உருப்போட வைத்த கட்டுரை, கைடு புத்தகத்தில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், காலை நாலரைக்கு எழுப்பி உட்கார வைத்து ஒப்பிக்கச் சொல்வேன், ஒரு வார்த்தை விட்டுப்போனால் முதலிலிருந்து. ஷைனி ஐந்நூற்று எழுபத்தொன்று வாங்கினாள், கேக் வெட்டினோம். இப்போது ஹாஸ்டலிலிருந்து போன் பேசுகிறாள், அங்கே எப்படிம்மா இருக்கு என்று கேட்டால் நல்லா இருக்கும்மா என்கிறாள், முடிவுரை மாதிரி. அவளுக்குப் பிடித்த இடம் எது என்று எனக்குத் தெரியாது. கேட்டதில்லை. அவளுக்கே தெரியுமா என்பதும் தெரியாது. அன்று நிறைமதி சொல்லிக்கொண்டே போனாள், நான் எழுதிக்கொண்டே போனேன், ரெண்டு பேரும் ரெண்டு வேறு கட்டுரை. முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தாள். நான் தாளைச் சட்டென்று மடித்தேன். அவள் பார்வை ஒரு நொடி தாளில் இருந்தது, பிறகு சிங்க்குக்குப் போய்விட்டது. ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அதுதான் சகிக்கவில்லை இப்போது நினைத்தால், அந்த நிம்மதி.

"மிஸ்," என்கிறாள் இப்போது. விடைத்தாள் வந்துவிட்டது, பதிவெண் சரிபார்த்தாகிவிட்டது, எழுதத் தொடங்குகிற மணி பத்தேகால். "நான் தமிழ்க் கட்டுரைக்கு முப்பத்தாறு வாக்கியங்கள் சொன்னேன். நீங்கள் முற்றுப்புள்ளி வைத்த சத்தம் பத்தொன்பது தடவைதான் கேட்டது. தலைப்பு நூலகம் என்று இருந்தது. தலைகீழாக இருந்தாலும் என்னால் படிக்க முடியும்." "அப்பவே ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன், என்னவோ குற்றம் அவளுடையது மாதிரி. "விடையைத் தவிர வேறு எதுவும் பேசக்கூடாது என்று தங்கமாரி சார் அன்று முதலிலேயே சொன்னார். நான் பேசவில்லை. தேர்வு முடிந்ததும் நீங்கள் போய்விட்டீர்கள். இன்று அவர் இன்னும் அதைச் சொல்லவில்லை. அதனால் இப்போதே பேசிவிடுகிறேன். இன்று நான் சொல்லும் ஒவ்வொரு வரியையும் எழுதியதும் நீங்கள் படித்துக் காட்ட வேண்டும்." விதியை மீறாமல் இருப்பதற்காகத் தன் கட்டுரை களவு போனது தெரிந்தும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறது இந்தப் பிள்ளை. சரிம்மா என்றேன். மன்னிச்சிரும்மா என்று ஒரு வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. கஸ்தூரிக்கு நான் சொன்ன பரவால்லம்மா அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது, ரெண்டுக்கும் ஒரே வாயில் இடமில்லை. அவள் அதற்குள் தொடங்கிவிட்டாள். ஒன்று, விடை இ. எழுதினேன். ஒன்று, விடை இ, படித்தேன். இரண்டு, விடை அ. இரண்டு, விடை அ. இருபத்திரண்டு வருஷமாகக் கரும்பலகையில் எழுதுகிற கை இது. சொன்னதை மட்டும் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று இன்றுதான் தெரிகிறது. ஒவ்வொரு வரியிலும் என் கை எதையாவது சரிசெய்யப் போகிறது, அவள் 'ஆகவே' என்றால் 'எனவே' என்று எழுதப் போகிறது, இழுத்துப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது, குப்பையைப் பார்த்த நாயை நிறுத்துகிற மாதிரி.

பேனா அவளுக்கு ஏன் வரவில்லை என்று நானே யோசித்திருக்கிறேன். மூளையில் கணக்கு அவ்வளவு இருக்கிறது, விரல் மட்டும் கேட்பதில்லை, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு எழுத்து, பக்கத்துக்கு மூன்று வரி. கணினியில் தட்டத் தெரியுமாம், நன்றாகவே வருமாம். அதற்கு அனுமதி கேட்டு கஸ்தூரி போட்ட மனு எந்த மேசையில் கிடக்கிறதோ. கணினி கொடுத்திருந்தால் நான் இங்கே வேண்டியதில்லை. நூலகமும் வந்திருக்காது. ஒரு பழைய கணினி, ஒரு மேசை. இந்த எலியையும் தவளையையும் இத்தனை வருஷம் மருந்து ஊற்றிக் காப்பாற்றுகிறார்கள். சிறப்புக் குழந்தைகள் என்று பயிற்சி முகாமில் எங்களுக்குப் பாட்டுப் பாடிக் காட்டினார்கள், பஃப்ஸும் டீயும் கொடுத்தார்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். ஆட்டிசம் இருக்கிற பிள்ளை ஒன்று கெட்டிக்காரத்தனமாகவும் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று அங்கே யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. முடியாத பிள்ளை என்றால் பரிதாபப்படத் தெரியும் எங்களுக்கு, முடிகிற பிள்ளை என்றால் கை தட்டத் தெரியும். ரெண்டும் ஒரே பிள்ளையாக வந்து எதிரில் உட்கார்ந்தால் எரிச்சல்தான் வருகிறது, என்னவோ நம்மை ஏமாற்றுகிற மாதிரி. முதல் நாள் ஸ்டாஃப் ரூமில் ஒருவர் கேட்டார், "பேரு மட்டும் நிறைமதி, மதியக் காணோம்?" எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரித்தேனா? சிரித்தேன். பல் தெரியாமல் சிரித்தேன், அதனால் சிரிக்கவில்லை என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன்.

கதவு கிரீச்சிட்டது. தங்கமாரி சார். கையில் காகிதக் கட்டு, நாக்கில் விரலைத் தொட்டுத் தொட்டுத் தாளைத் தள்ளுகிறார், அந்த எச்சில் விரலாலேயே நிறைமதியின் விடைத்தாளையும் ஒரு முனை தூக்கிப் பார்த்தார். நீல மையில் ஈரம் பட்டு ஒரு எழுத்து ஊறியது. எனக்கு உடம்பு கூசியது. "எப்படி டீச்சர், போகுதா வண்டி?" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு துண்டுச் சீட்டை எடுத்து என் பக்கமாக நகர்த்தினார். "ஒரு மார்க் கேள்வி இருபதுக்கும் விடை இருக்கு. நம்ம மேத்ஸ் ஆள்கிட்டயே போடச் சொல்லி வாங்கிட்டேன். பாவம், பிள்ளைய பாஸ் பண்ணி விட்ருவோம் டீச்சர், புண்ணியமாப் போகும். சென்டருக்கும் ரிசல்ட் அடிவாங்காது." குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. எதிரில் ஒரு மனுஷி உட்கார்ந்திருக்கிறாள், காது கேட்கும், அந்த எண்ணமே இல்லை. பாவம் என்கிறார். என் வார்த்தை. அவர் வாயில் வெற்றிலைச் சாற்றோடு வரும்போதுதான் அதன் நாற்றம் எனக்குத் தெரிகிறது. நான் சீட்டைத் தொடவில்லை, வேண்டாம் சார் என்று சொல்லவும் இல்லை, ரெண்டுக்கும் நடுவில் ஒரு அசிங்கமான இடம் இருக்கிறதே, அங்கே உட்கார்ந்திருந்தேன். நிறைமதிதான் கையை நீட்டி இரண்டு விரலால் சீட்டைப் பிரித்தாள். மேலிருந்து கீழாக ஒரே பார்வை. "ஏழாவது தவறு," என்றாள். "இதை எழுதியவர் கழித்தல் குறியை விட்டுவிட்டார். பதினான்காவதில் இவர் எழுதியது சரி. நான் சொன்னது தவறு. இப்போது தெரிகிறது." சார் சிரித்தார். "பாத்தீங்களா, பாப்பா கெட்டிக்காரி. அப்ப பதினாலு மாத்திக்கோங்க டீச்சர்." "மாற்றக்கூடாது," என்றாள் அவள், "அது நான் கண்டுபிடித்தது இல்லை." சார் என்னைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கித் தலையை ஆட்டினார், நமக்குள் ஒரு புரிதல் இருக்கிற மாதிரி. புரிதல் இருந்ததுதானே, இன்று காலை வரைக்கும் ஒரே ஆட்கள்தானே நாங்கள். வெளியே போனார். மேசையில் சீட்டு. பதினான்கு, விடை ஆ. தவறான விடை. தவறு என்று தெரிந்தே ஒருத்தி அதை விட்டுவைத்திருக்கிறாள், ஒரு மதிப்பெண், கிடைக்கிறது என்றால் நாங்கள் எல்லோரும் நாக்கால் நக்கி எடுத்துக்கொள்கிற ஒரு மதிப்பெண்.

பிறகு நேரம் எப்படிப் போனது என்று தெரியவில்லை. அணி, கலப்பெண், வெக்டர், எனக்கு அர்த்தம் தெரியாத அடையாளங்கள், அவள் விரலால் காற்றில் வரைந்து காட்டுவாள், நான் வரைவேன், வால் இன்னும் நீளம் என்பாள். ஒன்றேகாலுக்கு நீண்ட மணி அடித்தது. மற்ற பிள்ளைகள் வெளியே வந்து கூச்சல் போட்டார்கள், அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் தலையைக் குனிந்துகொண்டாள். ஏழு நிமிடம். எங்களுக்கு இன்னும் ஒரு மணி நேரம் கூடுதல் உண்டு. நான் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன், ஜன்னலைச் சாத்தினேன். இத்தனை நாளில் இவளுக்காக நான் செய்த முதல் காரியம் அதுதான் என்று தோன்றியது, ஜன்னலைச் சாத்தியது. ஸ்டாஃப் ரூமிலிருந்து பிரியாணி வாசனையும் ஃபார்மலின் வாடையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறியது, குமட்டியது. அவள் தலையைத் தூக்கி, விட்ட இடத்திலிருந்தே தொடங்கினாள். ஐந்து மதிப்பெண் கேள்வி. ஒரு வட்டத்துக்குள் வரையப்படும் செவ்வகங்களில் அதிகப் பரப்பு கொண்டது சதுரமே என நிறுவுக. அவள் சொன்னாள், நான் எழுதினேன், செவ்வகத்தின் மூலைவிட்டம் எப்போதும் வட்டத்தின் விட்டமே. அது செவ்வகத்தை இரண்டு சமமான முக்கோணங்களாகப் பிரிக்கிறது. இரண்டுக்கும் அடிப்பக்கம் விட்டம். உயரம் எவ்வளவு கூடினாலும் ஆரத்தை மிஞ்ச முடியாது. உயரம் ஆரத்துக்குச் சமமாகும்போது பரப்பு அதிகம். அப்போது அது சதுரம். படித்துக் காட்டினேன். படிக்கும்போதே எனக்குப் புரிந்தது. எட்டாம் வகுப்பில் கணக்கு டீச்சரிடம் பிரம்படி வாங்கியதிலிருந்து ஒரு கணக்கும் புரியாத எனக்கு, வட்டத்துக்குள் அந்தச் செவ்வகம் மெல்ல மெல்ல அகன்று சதுரமாகி நின்றது, கண்ணால் பார்த்தேன். அழுகை வருமோ என்று பயமாக இருந்தது. "முடிஞ்சதா, பூட்டணும்ல?" என்று அப்போது பார்த்துத் தங்கமாரி சார் மறுபடி வந்தார், மீசையில் ஒரு சோற்றுப் பருக்கை. தாளை எட்டிப் பார்த்தார். கணக்குப் பட்டதாரி அவர். "என்ன டீச்சர் இது, டிஃபரன்சியேஷனே காணோம்? புக்ல ஒரு பக்கம் ஸ்டெப் இருக்கு. இப்படிக் கதை எழுதினா அஞ்சுக்கு ரெண்டு கூடப் போட மாட்டான். புக் ஸ்டெப்ப நீங்க எழுதி வைங்க, நான் சொல்றேன்." "அவ சொன்னதுதான் சார் எழுதணும்," என்றேன். என் குரல்தானா அது, கீச்சென்று வந்தது. "அட, அவளுக்கு மார்க் போகுமே டீச்சர், பாவம்." "சார், மீசையில சோறு இருக்கு," என்றேன். சம்பந்தமில்லாமல். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு மேலதிகாரியிடம் நான் எதிர்த்துப் பேசிய ஒரே வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். அவர் துடைத்துக்கொண்டே போனார்.

இரண்டேகால். தாளைக் கட்டி, பதிவெண் பார்த்து, கையெழுத்துப் போட்டாகிவிட்டது. கஸ்தூரி வாசலில் வந்து நிற்கிறாள், வெயிலில் நின்று நின்று முகம் கறுத்துப்போயிருக்கிறது. கிளம்பலாம் என்று நான் பையை எடுக்கும்போது நிறைமதி எழுந்திருக்கவில்லை. "தேர்வு முடிந்துவிட்டது. இப்போது பேசலாம்," என்றாள். "எனக்கு வெள்ளைத்தாள் வேண்டும். நான் கல்வி அதிகாரிக்குப் புகார் எழுத வேண்டும். எனக்குப் பேனா வராது. நீங்கள்தான் எனக்குச் சொல்வதை எழுதுபவர்." கஸ்தூரி பதறிப்போய் உள்ளே வந்தாள். "மதி, என்ன பேசற, எந்திரி. டீச்சர், தயவுசெஞ்சு..." என்று மறுபடி என் கையைப் பிடிக்க வந்தாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அந்தக் கையை இன்னொரு தடவை பிடிக்க விடக்கூடாது. "உன் ரிசல்ட்ட நிறுத்தி வச்சிருவாங்கம்மா," என்று அவளிடம் சொன்னேன், அவளுக்காகச் சொல்கிறேனா எனக்காகவா, என் சர்வீஸ் புத்தகம், இன்க்ரிமென்ட், ஷைனியின் ஹாஸ்டல், என் பெயர் செய்தித்தாளின் நாலாம் பக்கத்தில், எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணுக்குள் வந்து மோதியது. "நிறுத்தினால் பிறகு கொடுப்பார்கள்," என்றாள். "அந்தக் கட்டுரை மதிப்பெண் எனக்கு வேண்டாம். அது என்னுடையது இல்லை." உட்கார்ந்தேன். பையிலிருந்து தாள் எடுத்தேன். பேனாவைத் திறந்தேன்.

ஐயா, தமிழ்த் தேர்வில் நான் விரும்பும் இடம் என்ற கட்டுரைக்கு நான் மோட்டார் அறை பற்றிச் சொன்னேன். எழுதினேன். சொல்வதை எழுதுபவராக வந்த திருமதி புஷ்பலீலா நூலகம் பற்றி எழுதினார். எழுதினேன். என் பெயரை நானே, எழுத்துப் பிசகாமல். எனக்கு நூலகம் பிடிக்காது. அங்கே மின்விசிறி கீச்சிடும். அவர் பொய் எழுதினார். படித்துக் காட்டினேன், அவர் மாற்றி எழுதினார். "பொய் என்று சொன்னேன்," என்றாள். பார்த்தேன். மாற்றி என்றுதான் இருந்தது. நான் வேண்டுமென்று செய்யவில்லை, ஆண்டவரே, கை, கை அப்படியே பழகிப்போன கை, என் மேலான புகாரில்கூட எனக்கு ஒரு வார்த்தை சாதகமாகத் திருத்திக்கொள்கிறது. கஸ்தூரி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு நிற்கிறாள். மாற்றி என்பதை அடித்துவிட்டுப் பொய் என்று எழுதினேன், பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டேன், அடித்தல் திருத்தல் இருந்தால் போட வேண்டும். முதல் பக்கம் முடிந்திருந்தது, தாளைத் திருப்பினேன். அவள் தொடர்ந்தாள். முதன்மைக் கண்காணிப்பாளர் கணிதத் தேர்வில் விடைகள் எழுதிய சீட்டைக் கொண்டுவந்தார். அதில் ஏழாவது விடை தவறு. சீட்டு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. எழுதினேன். பிறகு கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டே இருந்தாள். முடிந்தது என்று நினைத்தேன். "இன்னும் ஒன்று இருக்கிறது," என்றாள். "கணிதத் தேர்வில் திருமதி புஷ்பலீலா நான் சொன்னதை மட்டும் எழுதினார். இதையும் எழுத வேண்டும். இதுவும் நடந்தது." பேனா நின்றுவிட்டது. "அத எழுத வேண்டாம்மா," என்றேன். "நான் சொன்னதை எழுதுவதுதான் உங்கள் வேலை," என்றாள், "இதைச் சொல்வதால் முதலில் செய்தது சரியாகிவிடாது." அதே குரல், ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. எழுதினேன். பொய் என்ற வார்த்தையை எழுதியபோதுகூட இவ்வளவு நேரம் எடுக்கவில்லை.

சாவிக்கொத்து சத்தம் கேட்டுத் திரும்பினேன். தங்கமாரி சார் வாசலில் நிற்கிறார், பூட்டைக் கையில் ஆட்டிக்கொண்டு. "என்ன இன்னும் ஓடுது? எக்ஸாம் முடிஞ்சுதான போச்சு." நிறைமதி தாளை வாங்கி, எலுமிச்சை அளவு எழுத்தில், நாக்கைக் கடித்துக்கொண்டு, தன் பெயரை எழுதினாள். பாதித் தாளை அதுவே அடைத்துக்கொண்டது. அவள் எழுதிய கடைசி எழுத்து தாளின் ஓரத்தைத் தாண்டி மேசையில் போய் முடிந்தது. "என்னது, மனுவா?" என்று சார் வந்து வாங்கிக்கொண்டார். முதல் பக்கத்தைப் படித்தார். புருவம் தூக்கி என்னைப் பார்த்தார், முகத்தில் ஒரு வகையான குஷி, அடுத்தவன் அகப்பட்டுக்கொண்டதைப் பார்க்கிறவனின் குஷி. "இது யாரு கையெழுத்து டீச்சர்?" "என்னோடது சார்." "புகார் யார் மேல?" "என் மேலதான் சார்." சிரித்துவிட்டார், வெற்றிலைப் பல் முழுக்கத் தெரிய. "உங்களுக்கு என்ன கிறுக்கா? உங்க மேல நீங்களே எழுதித் தருவீங்களா? விடுங்க, இத நான் பாத்துக்கறேன்," என்று மடிக்கப் போனார். மடிக்க விடாமல் தாளின் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். "மடிக்காதீங்க சார், இன்னும் இருக்கு. ரெண்டாம் பக்கத்துல நீங்க இருக்கீங்க," என்றேன். அவர் சிரிப்பை முகத்திலேயே வைத்துக்கொண்டு, விரலை நாக்கில் தொட்டு, பக்கத்தைத் திருப்பினார்.